ஏழாம் எண் மணி

இரவு ஒரு மணிக்கு மேல் இருக்கும். காம்பராவின் இந்தச் சுவரோரம் நான் கணினியோடு. அந்தச் சுவரோரம் அம்மா பாயில். நடுவே பத்தடிகூட இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய லயம் இது. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பன்னிரண்டடிக்குப் பத்தடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயம் என்பதால் பின்சுவருக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் படுத்திருப்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே யார் இருமினாலும் வரிசை முழுக்கக் கேட்கும். அந்த அமைதியில் என் கணினி ‘பீப்’ என்றது. பதறிப்போய் இன்னும் நாலு விசையைத் தட்டினேன். நாலு ‘பீப்’.

“என்னா தம்பி தப்பு?” என்றது அம்மாவின் தூக்கக் குரல்.

தப்பு என்னுடையதுதான். மென்பொருள்களில் வரும் தமிழ் வரிகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதை விம் என்ற உரைத்தொகுப்பியில் செய்கிறேன். விம்முக்கு இரண்டு நிலைகள் உண்டு. எழுதும் நிலையில் அழுத்துகிற விசை எழுத்தாகும். எஸ்கேப்பை அழுத்திக் கட்டளை நிலைக்குப் போய்விட்டால் அதே விசை கட்டளையாகிவிடும். எக்ஸ் ஓர் எழுத்தை அழிக்கும், பி ஒட்டும், யு பழையபடி ஆக்கும். தமிழில் எழுதுகிறவனுக்கு இங்கேதான் கண்ணி இருக்கிறது. எஸ்கேப்பை அழுத்திய கை, விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துவிடும். எக்ஸ் போகவேண்டிய இடத்தில் ஒரு ‘ன’வோ ‘ட’வோ போய் நிற்கும். ‘ன’ என்றொரு கட்டளை விம்முக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டால் அது மணி அடிக்கும்.

அந்த மணியை அடக்கிவிட்டு, அதற்குப் பதிலாகத் திரை மின்னும்படி செய்துகொள்ளலாம். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அன்றிரவே எழுதினேன். எழுதிய பிறகுதான் இந்த மணி யார், எங்கிருந்து வந்து என் காம்பராவுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று தேடத் தோன்றியது. தேடிப் போன வழி முதலில் என்னை எங்கள் லயத்து வாசலுக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

எங்கள் மலையில் தப்பு என்ற சொல்லுக்குப் பிழை என்று மட்டும் பொருளில்லை. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காட்டிச் சூடேற்றி, ஒரு மெல்லிய குச்சியாலும் ஒரு குட்டைக் கட்டையாலும் அடிக்கிற வாத்தியமும் தப்புத்தான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த சனங்களோடு அதுவும் கடல் தாண்டி வந்தது. முதலில் கோப்பிக்காக வந்த சனம், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட பிறகு தேயிலைக்காக வந்த சனம். கோவில் திருவிழாவுக்குத் தப்பு, மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்பு, சாவு வீட்டுக்குத் தப்பு. விடியுமுன்னே லயம் லயமாக ஆட்களை எழுப்பி, வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு அனுப்பவும் தப்புத்தான். சில தோட்டங்களில் கொம்பு ஊதினார்கள். மடகொம்பரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போன சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையிலும் அந்த விடியல் தப்போசை வருகிறது.

பெரட்டுத் தப்பை என் காதால் நான் கேட்டதில்லை. என் அப்பாயி கேட்டவர். கேட்டவர் சொன்னதில் எனக்கு இன்றும் நினைவிருப்பது ஒன்று: பாயில் கிடந்தபடியே, கண்ணைத் திறக்காமலே, எந்தத் தப்பு என்று தெரிந்துவிடுமாம். பெரட்டுத் தப்பு ஓர் அடி. சாவுத் தப்பு வேறோர் அடி. பெரட்டு என்றால் அடுப்பைப் பற்றவைப்பார்கள். சாவு என்றால் யார் வீடு என்று கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது என்பதும் அந்த அடிக்குள்ளேயே இருந்தது. பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம்.

இந்தச் செய்தியோடு இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. தப்படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே சாதிக்காரர். ஊரிலிருந்து வாத்தியம் வந்தபோது அதை அடிக்கவேண்டிய கடமையும் அவர்கள் தலையிலேயே ஏறி வந்தது. மற்றவரை எழுப்புவதற்காக அந்தக் குளிரில் முதலில் எழும்பியவர்கள் அவர்கள். தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டும்போது லயம் முழுக்க உறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

பிறகு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், சங்கு வந்தது. சங்குக்கு ஒரே தொனி. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஹட்டன் ஸ்டேசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலைநாட்டுப் பாதை 1885இல் நானுஓயாவைத் தொட்டது, 1924இல் பதுளை வரை போய் முடிந்தது. ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் கிடக்கிறது, மலைநாட்டுப் பாதையிலேயே நீளமான சுரங்கம் அதுதான். அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு கோச்சிகள் வந்துவிடாமல் காக்க ஸ்டேசன் மாஸ்டரின் அறையில் ஒரு கருவி நிற்கும். டையரின் டேப்லட் கருவி என்பார்கள். அதன் கதை இங்கிலாந்தில் நோரிச் நகரத்துக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடத்தில் தொடங்குகிறது. 1874இல், கையெழுத்து விழுமுன்னே போய்விட்ட ஒரு தந்தியை நம்பி ஒற்றைப் பாதையில் ஒரு ரயிலை அனுப்பினார்கள். எதிரே இன்னொன்று வந்துகொண்டிருந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் எட்வர்ட் டையர் செய்து 1878இல் காப்புரிமை பெற்ற கருவி இது.

சின்ன வயதில் மாமா ஒருவரைக் கோச்சி ஏற்றிவிடப் போன இடத்தில் அதை முதன்முதலாகக் கவனித்தேன். அந்த அறையிலிருந்து ‘டிங்’ என்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிங், டிங். அடுத்த ஸ்டேசனிலிருந்து ஒருவர் குமிழை அழுத்துகிறார், இங்கே மணி அடிக்கிறது. எத்தனை அடி, எப்படிப் பிரித்து அடிப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கோச்சி அனுப்பலாமா என்று கேட்பது ஓர் அடி முறை. புறப்பட்டுவிட்டது என்பது வேறு. இங்கிருப்பவர் அதே அடிகளைத் திருப்பி அடித்தால்தான் கேட்டதாக அர்த்தம். ஆக இந்த மணியும், தப்பைப் போலவே, பேசத் தெரிந்த மணி.

பேசி முடித்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. ஒலி காற்றோடு போய்விடும். ஸ்டேசன் மாஸ்டர் அதற்குள் டிக்கட் கொடுக்கப் போயிருக்கலாம், தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம். மணி அடித்ததா, எத்தனை அடி என்று ஞாபகத்தை மட்டும் நம்பி ஒரு கோச்சியை அனுப்ப முடியாது. அதனால் கருவியின் முகத்தில் ஒரு சின்னச் சாளரம் வைத்திருக்கிறார்கள். பாதை மூடியிருக்கிறதா, கோச்சி வந்துகொண்டிருக்கிறதா என்பது அங்கே எழுத்தில் நிற்கும். யார் எப்போது வந்து பார்த்தாலும் நிற்கும். வட்டமான டேப்லட் ஒன்றை வெளியே எடுத்துவிட்டால் இரண்டு ஸ்டேசன்களிலும் இன்னொன்றை எடுக்க முடியாதபடி கருவி பூட்டிக்கொள்ளும். எடுத்த டேப்லட்டைப் பையில் போட்டு, ஒரு பெரிய வளையத்தில் கோத்துச் சாரதியிடம் கொடுப்பார்கள். நிற்காமல் போகிற கோச்சி என்றால் சாரதி கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொள்வார். அது கையிலிருக்கும்வரை அந்தப் பாதை அவருடையது.

காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. கூப்பிடும் வேலையை மணியிடம் கொடுத்துவிட்டு, நினைவில் வைத்திருக்கும் வேலையைச் சாளரத்திடம் கொடுத்தவர்கள் நன்றாக யோசித்தவர்கள். உரைத்தொகுப்பிகளை எழுதியவர்களுக்கு இந்தப் பிரிவினை விளங்கப் பல காலம் பிடித்தது என்பது என் எண்ணம்.

தந்தியிலும் இதே இழுபறி நடந்தது. மோர்ஸின் கருவி செய்தியைக் காகித நாடாவில் கோடாகப் பதிக்கத்தான் செய்யப்பட்டது. ஆனால் இயக்குகிறவர்கள் நாடாவைப் பார்க்காமல், கருவி எழுப்பிய டிக் டிக்கைக் காதால் கேட்டே எழுதிவிட்டார்கள். கண் தோற்றது. பின்னாளில் நாடாவையே எடுத்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்கும் பின்னால் டெலிபிரின்டர் வந்தபோது நிலைமை மாறியது. அது தானாகவே தட்டச்சு செய்யும். ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆள் அடுத்த அறைக்குப் போய்விட்டால் அவசரச் செய்தி காகிதத்தில் காத்துக் கிடக்கும். அப்படிப் போனவரைத் திரும்பக் கூப்பிடத்தான் எழுத்துக் குறியீடுகளுக்கு நடுவில் மணிக்கென்று ஒரு குறியீடு புகுந்தது. ‘அ’வை அனுப்புவது போல ‘டிங்’கையும் கம்பிவழி அனுப்பலாம் என்றானது. செய்தி அறைகளில் செய்தியின் கனத்துக்கு ஏற்ப மணிகளின் எண்ணிக்கை கூடும். ஆசிரியர்கள் தலையைத் தூக்காமலே எண்ணிக்கொள்வார்கள். அங்கேயும் மணிக்குப் பேச்சு இருந்தது.

1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு அட்டவணையை வெளியிட்டபோது மணிக்கு ஏழாம் எண்ணைக் கொடுத்தார்கள். இரும எண்ணில் எழுதினால் நாலு பூச்சியம், பிறகு மூன்று ஒன்று. துளைநாடாவில் நடுவே ஓடும் சின்னப் பல்துளை வரிசையின் ஒரு பக்கத்தில் அந்த மூன்று துளைகளும் அடுத்தடுத்து விழும். ஆங்கில நெடுங்கணக்கில் ஏழாவது எழுத்து ஜி. அதனால் கன்ட்ரோல் விசையோடு ஜியை அழுத்தினால் மணி. அதே காலத்தில் வந்த டெலிடைப் மாடல் 33 இயந்திரத்தில் ஜி விசையின் தலையிலேயே மணி என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். உள்ளே நிஜமான உலோக மணி இருந்தது. எண் ஏழு வந்ததும் ஒரு சின்னச் சுத்தியல் போய் அதைத் தட்டும். இன்று நான் தவறான விசையை அழுத்தும்போதும் விம் அனுப்புவது ஏழுதான். அறுபது வருடங்களுக்கு மேலாகியும் அந்த எண் மாறவில்லை.

அந்த மாடல் 33இல் உட்கார்ந்துதான் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் உரைத்தொகுப்பியான ‘எட்’டை எழுதினார். ‘எட்’டுக்குப் புரியாத ஒன்றைச் சொன்னால் அது ஒரு கேள்விக்குறியை மட்டும் காகிதத்தில் அடிக்கும். என்ன பிழை, எங்கே பிழை என்று ஒன்றும் சொல்லாது. நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் அச்சடிக்கும் இயந்திரத்துக்கு நீண்ட விளக்கங்கள் பாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எச்சரிக்கையின் பேச்சு அங்கேதான் வற்றத் தொடங்கியது என்று நினைக்கிறேன். பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்றிருந்தது போய், எல்லாவற்றுக்கும் ஒரே குறி.

இந்த இடத்தில் மணியின் பாதை இரண்டாகப் பிரிகிறது. ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர், கைவிடப்பட்ட பழைய டெலிபிரின்டர்களைச் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் இணைக்கும் கருவியொன்றை 1964இல் செய்தார். அதுவரை தொலைபேசி என்பதே காது கேளாதவர்களுக்கு இல்லை. இப்போது தட்டச்சு செய்து பேசலாம். ஆனால் அழைப்பு வந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? மணி அவர்களுக்குப் பயனில்லை. வீட்டில் விளக்கை மின்னவைத்தார்கள். உரைத்தொகுப்பியில் ஒளி எச்சரிக்கை வருவதற்கு முன்னமே, வரவேற்பறை விளக்கொன்று மணியின் வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டது. வசதிக்காக இல்லாமல், வேறு வழியில்லாமல் பிறந்த ஒளி அது. நான் என் அமைப்புக் கோப்பில் எழுதிய ஒரு வரிக்கு அந்த விளக்கை மூதாதையாக நினைக்கிறேன்.

காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்தது. மணிக்கு இருந்த உலோக உடம்பும் போனது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ‘பீப்’ என்ற ஒற்றைத் தொனிதான் மிச்சம். 1976இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய், ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில் உட்கார்ந்து ‘விஐ’ உரைத்தொகுப்பியை எழுதினார். அந்த முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின்மேல் அம்புக்குறிகள் இருந்தன. அதனால்தான் நானும் இன்று ஹட்டன் மலையில் உட்கார்ந்து அதே நாலு விசையால் மேலும் கீழும் போகிறேன். ‘விஐ’யின் பிள்ளைதான் விம்.

‘விஐ’யில் ஒரு பழக்கம் உண்டு. எந்த நிலையில் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் எஸ்கேப்பை அழுத்திப் பார்ப்பது. ஏற்கெனவே கட்டளை நிலையில் இருந்தால் ‘பீப்’ என்னும். அந்தப் ‘பீப்’ கேட்டதும் நிம்மதி, சரியான இடத்தில்தான் நிற்கிறோம் என்று. இப்படிப் பிழையைச் சொல்லப் பிறந்த ஒலி, பிழையில்லை என்று சொல்லவும் பழகிக்கொண்டது. ஒரே தொனியில் இரண்டு எதிரெதிர் செய்திகள். அப்பாயி கேட்டால் இதை எப்படி நம்புவார்?

பல முனையங்கள் வரிசையாக இருந்த அறைகளில் ஒவ்வொருவரின் பிழையும் எல்லாருக்கும் கேட்டது. திரையைக் கணப்பொழுது தலைகீழாக்குவது, அதாவது கறுப்பை வெள்ளையாக்கி மீண்டும் கறுப்பாக்குவது, அதற்கு மாற்றானது. முனையங்களின் திறன்களைப் பட்டியலிட்டுப் பில் ஜாய் எழுதிய ‘டெர்ம்கேப்’ கோப்பில் இந்தக் ‘கண்ணுக்குத் தெரியும் மணி’க்கும் இரண்டெழுத்தில் ஒரு பெயர் உண்டு: வி, பி. ஈமாக்ஸ் என்ற இன்னோர் உரைத்தொகுப்பியில் அது ‘விசிபிள் பெல்’. விம்மில் ‘விஷுவல் பெல்’. பெயரைக் கவனியுங்கள். ஒலியே இல்லாத பிறகும் மணி என்ற சொல் விடவில்லை. 1981இல் ஐபிஎம் தனிக்கணினி ஒரு சின்ன ஒலிபெருக்கியோடு வீடுகளுக்குள் வந்தது. அலுவலகங்கள் ‘பீப்’களால் நிறைந்தன. பிறகு ஆளுக்காள் அதை அணைக்கக் கற்றுக்கொண்டார்கள். விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம்மை நிறுவினால் எல்லா மணிகளும் ஏற்கெனவே அணைக்கப்பட்டே இருக்கின்றன.

ஏன் எல்லாருக்கும் இந்த ஒலி கசந்தது? சத்தம் என்பதாலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பின் சத்தம் இதைவிடப் பல மடங்கு பெரிது. லயம் முழுக்க அதைக் கேட்டுப் பொருள் பிரித்துக்கொண்டது. ஹட்டன் ஸ்டேசன் மணி இன்னும் அடிக்கிறது, அதை யாரும் அணைக்கச் சொல்வதில்லை. கணினியின் ‘பீப்’புக்கு மட்டும் பேச்சு இல்லை. ஏதோ தப்பு, ஏதோ தப்பு என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்டதை எத்தனை நாள் பக்கத்தில் வைத்திருக்க முடியும்?

அதற்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தவர், திரையைப் பார்க்க முடியாத ஒருவர். புனேயில் பிறந்த டி. வி. ராமன் பதினான்கு வயதில் கண்ணழுத்த நோயால் பார்வையை இழந்தார். பம்பாய் ஐஐடியில் படித்தார், 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1995இல் அவர் வெளியிட்டது ஈமாக்ஸ்பீக். ஈமாக்சைப் பேசவைக்கிற மென்பொருள். அதில் சொற்கள் மட்டும் ஒலிப்பதில்லை. கோப்பைத் திறந்தால் ஓர் ஓசை, சேமித்தால் வேறோர் ஓசை, மூடினால் இன்னொன்று. கேட்ட மாத்திரத்தில் எது நடந்தது என்று தெரியும்படி சின்னச் சின்ன ஒலிக்குறிகளை அவர் வைத்தார். மற்றவர்கள் திரையை மின்னவிட்டு மணியை ஊமையாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் ஒற்றைத் தொனியை உடைத்து ஒரு மொழியாக்கிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்து, 2022இல் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற பெருவழக்கான தொகுப்பியும் அந்தத் திசைக்கு வந்தது. இடஞ்சுட்டி ஒரு பிழையுள்ள வரிக்குப் போனால் ஓர் ஒலி, மடித்து வைத்த பகுதிக்குப் போனால் வேறு ஒலி. திரைவாசிப்பானோடு வேலைசெய்கிறவர்களுக்காக வந்த வசதி அது. கண் தெரிகிறவர்களும் போட்டுக்கொள்ளலாம். நான் ஒரு வாரம் காதணிபேசியில் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாளே எது எந்த ஒலி என்று பிரித்துவிட்டேன். பாயில் கிடந்தபடி எந்தத் தப்பு என்று கண்டுபிடித்த அப்பாயியின் காது என்னிடமும் கொஞ்சம் மிச்சமிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

இனி என் காம்பராவுக்கு வருகிறேன். ‘விஷுவல் பெல்’ வரியை எழுதிய மறுநாள் இரவு. விளக்கை அணைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரை. வழக்கம்போல் விசைப்பலகையை மாற்ற மறந்து ‘ன’வைத் தட்டினேன். திரை முழுக்க ஒரு கணம் வெள்ளையானது. இருட்டிலிருந்த காம்பரா முழுவதும் அந்த வெளிச்சத்தில் பளீரென்று தெரிந்தது: சுவரில் தொங்கும் கொழுந்துக் கூடை, ஆணியில் மாட்டிய படங்குச்சாக்கு, போர்வைக்குள் அம்மாவின் கால். மீண்டும் தட்டினேன், மீண்டும் பளீர்.

அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “மின்னுதா தம்பி? வெளிய துணி கெடக்கே!”

கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தவரைத் தடுத்து நிறுத்தி, மின்னலில்லை, கணினிதான் என்று புரியவைக்க வேண்டியதாயிற்று. ஒளி பார்ப்பவரை மட்டும் தொடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். பத்தடிக் காம்பராவில் ஒளியும் அடுத்தவர் மேல் விழத்தான் செய்யும். ஒளியால் யாருக்கும் கேடில்லை என்பதும் முழு உண்மையில்லை. மின்னும் திரை சிலருக்கு வலிப்பையே தூண்டிவிடும். அதனால்தான் இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகளில், நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஒலியும் வேண்டாம், மின்னலும் வேண்டாம் என்றால் என்ன செய்வது? டையரின் சாளரம் ஞாபகம் வந்தது. எந்த நிலையில் இருக்கிறேன் என்பதைத் திரையின் அடிவரியில் நிற்கவைத்தேன். எழுதும் நிலையில் பச்சை, கட்டளை நிலையில் சாம்பல். எப்போது பார்த்தாலும் தெரியும், யாரையும் கூப்பிடாது. அதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் செய்தேன். எஸ்கேப்பை அழுத்திய உடனே விசைப்பலகை தானாக ஆங்கிலத்துக்குத் திரும்பும்படியும், மறுபடி எழுதத் தொடங்கினால் தமிழுக்கு வரும்படியும் மாற்றினேன். ‘ன’ இனிக் கட்டளையாகப் போய் முட்டாது. முட்டாததால் மணி அடிக்கவும் காரணமில்லை. இத்தனை நாளும் ஒலியா ஒளியா என்று யோசித்த நேரத்தில் இதைச் செய்திருக்கலாம். இரண்டையும் அணைத்துவிட்டேன். அம்மா நன்றாக உறங்கினார்.

ஒன்றை மட்டும் அணைக்கவில்லை, என் தொலைபேசியின் ஒலியை. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை நிறங்களில் வெளியிடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. இருபத்துநாலு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 என்றால் புறப்படத் தயாராக இருக்கவேண்டும், 150 என்றால் வெளியேறவேண்டும். நிறங்கள் தெளிவானவை, படத்தில் நம் பிரதேசம் எந்த நிறம் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் பார்க்க விழித்திருக்க வேண்டுமே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லப்பட்டிருந்தது என்பதற்கும், அந்தக் காலையில் ஒரு சத்தம் கேட்டு ஓடியிருக்கலாம் என்பதற்கும் நடுவில் எத்தனை உயிர்கள். மலைநாட்டில் பிறந்த எவரும் அந்தப் பெயரை எளிதாகக் கடந்துபோக மாட்டார்கள். பெரட்டுக்கு எழுப்ப இந்த லயங்களுக்கு ஒரு காலத்தில் தப்பு இருந்தது, பிறகு சங்கு இருந்தது. மலை அசைந்தால் எழுப்ப என்ன இருக்கிறது என்று எங்கள் டிவிசனில் மழை வலுக்கும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். சில இரவுகளில் கோவில் ஸ்பீக்கரை யார் போடுவது என்று பேசி வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் காம்பராவில் சிக்னல் பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்று, ஜன்னல் கட்டை. மழை இரவுகளில் என் தொலைபேசி அங்கேதான் இருக்கும். போன மாதம் ஒரு நாள் மாலையிலிருந்தே கூரை இரைந்துகொண்டிருந்தது. அடுத்த காம்பராக்காரர் வந்து மேல்மலைப் பக்கம் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கணினியைத் திறந்தேன். அது ஒலியின்றி, மின்னலின்றி அடிவரியில் பச்சையைக் காட்டியபடி காத்திருந்தது. அம்மா பாயை விரித்தவர் படுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்த் தொலைபேசியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“சத்தத்த நல்லா கூட்டி வையி தம்பி.”